சனிக்கிழமை படுத்துக்கொள்ளும் ஜீப்

உயூனி என்ற ஊரிலிருந்து உப்புப் பாலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் நாற்பத்தோரு ஓட்டுநர்களில் காசில்டா ஒருத்திதான் பெண். நாற்பத்தோரு ஜீப்புகளில் அவளுடையது ஒன்றுதான் தானாகவே கியர் மாற்றிக்கொள்வது. இந்த இரண்டில் எதைச் சொல்லி அதிகம் கேலி செய்வது என்று ஓட்டுநர் சங்கத்து ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

ஆசைக்கு வாங்கிய ஆட்டோமேட்டிக் இல்லை அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்ததில் அவளுடைய இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கிளட்ச் மிதிக்க வேண்டிய கால் அது. ஒற்றைக் காலால் ஓட்டக்கூடிய வண்டி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து இந்த ஜீப்பைப் பிடித்தாள். ஜப்பானில் ஓடிக் கிழடாகி, கப்பலேறி, பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கமிருந்து பிடுங்கி இடப்பக்கம் நட்டுக்கொண்டு வந்து சேர்ந்த வண்டி. பின் கண்ணாடியில் 'செல்லப் பிள்ளை' என்று எழுதிவைத்தாள். ஐந்து வருஷமாகச் செல்லப் பிள்ளை அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்த வருஷக் கார்னிவல் திருவிழாவில்தான் வினை வந்தது. கார்னிவல் செவ்வாயன்று ஊரே வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் சால்யா செய்யும். சால்யா என்றால் பூமித்தாய்க்குக் குடிக்கக் கொடுப்பது. நாலு டயரிலும் பானெட்டிலும் பீர் ஊற்றி, மேலே வண்ணக் காகிதப் பொடியைத் தூவி, மிச்சத்தை நாம் குடிப்பது. அன்று சங்கச் செயலாளர் கிளெத்தோ செல்லப் பிள்ளையின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பெண்ணென்றால் தோன்யா, ஆணென்றால் தோன் என்று அந்த ஊரில் மரியாதைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்; கேலிக்கு அது தடையில்லை.

"இந்த வண்டிக்கு வாய் எங்க இருக்கு, தோன்யா காசில்டா? டயர்லயா இருக்கும்? இது நோகாம உக்காந்து வேலை பாக்கற வண்டியாச்சே. இதோ, வாய் இங்கதான்" என்று கியர் ராடின் அடியில் அரைப் பாட்டில் பீரைக் கவிழ்த்து, ஒரு கை காகிதப் பொடியையும் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். காசில்டாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கேலி வரும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது டேஷ்போர்டில் ஒரு விளக்கு கண்ணடித்தது. அதோடு கியர் மாறுவது நின்றுபோயிற்று. எடுத்த எடுப்பிலேயே பெரிய கியரில் நின்றுகொண்டு, இழுக்கவும் முடியாமல் நிற்கவும் மனமில்லாமல் வண்டி முனகியது. இரண்டு நாளில் தானாகவே சரியானது.

பூமித்தாய்க்கு ஏதோ மனக்குறை என்று காசில்டா முடிவு கட்டினாள். அந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கிளெத்தோ கேலியாக ஊற்றியதை அந்தத் தாய் எப்படி ஏற்றுக்கொள்வாள்? ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே பக்தியாக ஒரு சால்யா செய்தாள். டயருக்குக் கொஞ்சம், பானெட்டுக்குக் கொஞ்சம், நோவு கண்ட இடத்துக்கு, அதாவது கியர் ராடுக்கு, தாராளமாக. மறுநாள் சனிக்கிழமை; சங்க வரிசையில் பயணிகளை ஏற்ற வாராவாரம் அவளுக்கு வரும் முறை. ஸ்டேஷன் தெருவைக்கூட வண்டி தாண்டவில்லை. மேய்ச்சலுக்குப் போன லாமா மந்தை ஒன்று முந்திக்கொண்டு போனது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பாட்டில் ஊற்றினாள். அந்தச் சனிக்கிழமையும் போயிற்று.

தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது சங்கத்து விதி. காலியாகும் இடத்துக்குக் கிளெத்தோவின் மருமகன் புது ஜீப்பைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட்டே தேய்ந்துபோகும்படி காத்துக்கொண்டிருந்தான்.

"ஆள் போட்டு ஓட்டுங்களேன், தோன்யா. நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து காத்து வாங்கலாம்" என்றார் கிளெத்தோ.

"என் வண்டியில பக்கத்து சீட்டு பயணிக்கு. எனக்கில்ல" என்றாள் காசில்டா.

வண்டியோ பிடி கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மெக்கானிக்குகளிடம் கொண்டுபோனால் வண்டி ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி ஓடிக் காட்டியது. கியர் பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். பிரித்த பெட்டி திரும்ப ஒன்றுசேர்ந்ததாக அந்த ஊரில் சரித்திரமே இல்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாள் காலை முறை இருக்கையில், எலக்ட்ரீஷியன் எவரிஸ்தோவின் பட்டறைக்கு வண்டியை விட்டாள்.

எவரிஸ்தோ அவளுடைய மகனுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் அவருக்கு இவள் கொமாத்ரே, இவளுக்கு அவர் கொம்பாத்ரே. முதலிலேயே அவரிடம் போகாததற்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு சபையில் சேர்ந்துவிட்டார். அந்தச் சபைக்காரர்கள் குடிக்கமாட்டார்கள், சால்யா பாவம் என்பார்கள், வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்தால் மறுநாள் சூரியன் விழும்வரை வேலையைத் தொடமாட்டார்கள்.

"வாங்க கொமாத்ரே. வண்டி நல்லாத்தானே ஓடி வருது?"

"இப்ப ஓடும். சனிக்கிழமைதான் படுத்துக்கும்."

"சனிக்கிழமை ஓய்வு எடுக்குதா? எங்க சபை ஆளா இருக்கும்போல."

"சிரிக்காதீங்க கொம்பாத்ரே. நாளைக்கும் படுத்துச்சுன்னா என் பேரை அடிச்சிருவாங்க."

எவரிஸ்தோ சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஒயர்த் துண்டை வளைத்து, பானெட்டுக்கு உள்ளே இருந்த சின்னப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளில் செருகினார். டேஷ்போர்டு விளக்கு கண்ணடிக்கத் தொடங்கியது. விரல் விட்டு எண்ணினார். ஆறு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் இரண்டு. மறுபடியும் ஆறு, இரண்டு.

"மனசுலயே வச்சிருக்கு பாருங்க. ஆறு, ரெண்டுன்னா கியர் பெட்டிக்குப் போற ஒயர்ல எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். பெட்டிக்கு ஒண்ணுமில்ல. பிரிக்கவே வேணாம்."

காசில்டாவுக்கு மூன்று வாரத்தில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"உப்புதான், வேற என்ன? ஒயரை அரிச்சிருக்கும்" என்றார் எவரிஸ்தோ.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் உப்பு ஒட்டாமலிருக்க டீசலும் பழைய ஆயிலும் கலந்து வண்டியின் அடிவயிறு முழுக்கப் பூசுகிறவள் அவள். "கீழ போய்ப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றாள்.

அவர் கீழே போனார். கால் மணி கழித்து முழங்கை தேய வெளியே வந்தார். "ஒத்துக்கறேன். எங்க வீட்டு அடுப்படிகூட இவ்வளவு சுத்தம் கெடையாது."

ஒயரின் ஒரு முனையைக் கழற்றி, ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை மாட்டினார். கசிவு எதுவும் இல்லை என்றது மீட்டர்; கசிந்தால் எண் தோன்றிக் கீழே இறங்கும். கீழே குழாயால் தண்ணீர் பீய்ச்சினார். அப்போதும் இல்லை. இழுத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். வண்டியின் ஒயர்ப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். படம் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்த காலத்தது. ஆகவே அதைத் தூக்கிப் பின்னோக்குக் கண்ணாடியில் காட்டி, இடவலம் மாற்றிப் படித்தார்.

"என்ன கொம்பாத்ரே, படத்துக்கு ஷேவிங்கா?"

"படத்துல எல்லாம் ஒழுங்கா இருக்கு, கொமாத்ரே. வண்டியிலயும் ஒழுங்கா இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

மணி நாலரை. மேற்கு மலை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது. காசில்டா பாவாடை மடிப்பிலிருந்து பீர் பாட்டிலை எடுத்தாள்.

"என் பட்டறையில வேணாமே" என்றார் எவரிஸ்தோ, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தபடியே.

"பட்டறை உங்களுது. வண்டி என்னுது. நான் வண்டிக்குள்ளதானே ஊத்தறேன்?"

அவர் மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கண்ணை மூடி, உதட்டுக்குள் பூமித்தாயிடம் நாளைய தினத்தைக் கேட்டு, கியர் ராடின் அடியில் பாட்டிலைச் சாய்த்தாள். கால் பாட்டில் இறங்கியிருக்கும். எவரிஸ்தோ தலையைத் தூக்கியதில் டேஷ்போர்டில் முட்டிக்கொண்டார்.

"இன்னும் ஊத்துங்க."

காசில்டா கண்ணைத் திறந்தாள். "என்ன?"

"ஊத்துங்க, ஊத்துங்க. நல்லா ஊத்துங்க."

எட்டு வருஷம் கழித்துத் தன் கொம்பாத்ரேக்குப் புத்தி திரும்பியதை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. மனசார ஊற்றினாள். பாதி அவர் ஸ்வெட்டரில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. மீட்டரின் எண் மளமளவென்று இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் கொமாத்ரே. ஆள் ஆப்டுக்கிட்டான்."

ஸ்க்ரூக்களைக் கழற்றி, கியர் ராடைச் சுற்றியிருந்த மூடியைத் தூக்கினார். படத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. துறைமுகத்தில் ஸ்டியரிங்கை இடம் மாற்றிய புண்ணியவான்கள் ஒயர் எட்டவில்லை என்று துண்டு துண்டாக வெட்டி நீட்டி, சோல்டர் வைக்கச் சோம்பல்பட்டு, வெறுமனே முறுக்கி டேப் சுற்றி, ராடுக்கு நேர் கீழே திணித்திருந்தார்கள். டேப் பிரிந்து ஜாயின்ட்டில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏறியிருந்தது. அதன்மேல் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு கூழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கார்னிவல் காகிதப் பொடி.

காசில்டா அந்தக் கூழையே பார்த்தாள். மஞ்சள் கிளெத்தோ போட்டது. ஊதா அவளுடையது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கைப்படத் தூவியது.

"சொல்லுங்க" என்றாள். "சால்யாதான் கெடுத்துச்சுன்னு சொல்லுங்க. எட்டு வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தீங்க? வசமா சாட்சி கெடச்சிருச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சபை முழுக்க என் கதைதான்."

"கொமாத்ரே, மீட்டர் எந்தச் சபையிலயும் இல்ல. இந்தாங்க, நீங்களே பிடிங்க."

மீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் போய் மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்தார். ஜாயின்ட் மேல் சூடான காற்றை ஊதினார். எண் மெல்ல மேலே ஏறியது.

"இது ஞாயித்துக்கிழமை" என்றார். இன்னும் ஏறியது. "இது திங்க." கடைசியில் எண் மறைந்து, கசிவு இல்லை என்றது மீட்டர். "செவ்வாய்க்கிழமை வந்தாச்சு. மெக்கானிக்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்க, நல்லா ஓடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. தன் முறையைத் தன் கையாலேயே இரண்டு தடவை மூழ்கடித்திருக்கிறாள். அதுவும் கும்பிட்டுக் கும்பிட்டு. அவமானத்தில் காது சுட்டது. எவரிஸ்தோ அந்தப் பக்கமே திரும்பாமல் சோல்டரிங் இரும்பைச் சூடாக்கினார். அந்த மரியாதையை அவள் மறக்கவில்லை.

ஏழு ஒயர். ஒவ்வொன்றாகக் களிம்பைச் சுரண்டி, சோல்டர் வைத்து, ரப்பர் உறை போட்டு, மேலே கூடுதலாக ஒரு குழாயும் மாட்டினார். மூடியைத் திருகும்போது வெளிச்சம் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

"நனைச்சுப் பாத்துருவோமா கொம்பாத்ரே?"

அவர் மலையைப் பார்த்தார். சூரியன் அங்கே இல்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "பாத்திருக்கணும். நேரம் போச்சு. நாளைக்கு ஈரம் படாம ஓட்டுங்க, போதும்."

அப்படியே பீர் நாறும் ஸ்வெட்டரோடு பிரார்த்தனைக்குக் கிளம்பிப் போனார். அங்கே என்ன பாடுபட்டார் என்பது அவருக்கும் போதகருக்கும் மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செல்லப் பிள்ளை வரிசையில் நின்றது. நாலு பயணிகள் ஏறியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து ஒழுங்காக அணைந்தது. காசில்டா கியர் ராடில் கை வைத்தபோது கிளெத்தோ வந்தார். கையில் பீர் பாட்டில். பின்னால் நாலைந்து ஓட்டுநர்கள்.

"ரெண்டு முறை தவறிட்டுத் திரும்பி வர்ற வண்டிக்குச் சங்கத்து சால்யா உண்டே, தோன்யா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல முடியாது; சங்கத்துச் சால்யாவை மறுத்தவர் யாரும் இல்லை. தெருவின் எதிர்ப்பக்கம் கோட்டும் டையுமாகச் சபைக்குப் போய்க்கொண்டிருந்த எவரிஸ்தோ, கக்கத்தில் வேதப் புத்தகத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"டயர்ல ஊத்துங்க, தோன் கிளெத்தோ" என்றாள் காசில்டா.

"டயர்லயா? இதுக்கு வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கியர் ராடின் அடியில் கவிழ்த்தார். களக் களக்கென்று முக்கால் பாட்டில் இறங்கியது. மிச்சத்தைப் பாட்டிலோடு அவள் மடியில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க விலகி நின்றார்.

காசில்டா விளக்கையே பார்த்தாள். மூழ்கப் போகிறது என்று நினைத்தாள். ஐந்து வருஷம், பேர், வரிசை எல்லாமே அந்தக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. விளக்கு எரியவில்லை. ராடை இழுத்தாள். வண்டி நகர்ந்தது. முதல் கியர். ஸ்டேஷன் தெருவின் முனையில் லேசான ஒரு குலுக்கல், இரண்டு. சந்தையைத் தாண்டும்போது மூன்று. கண்ணாடியில் எவரிஸ்தோ வேதப் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டுவது சின்னதாகத் தெரிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னாலிருந்த பயணிகள் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

உப்பு தொடங்கும் இடத்தில், மண் இன்னும் மண்ணாக இருக்கும்போதே, வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்காமல் பாட்டிலோடு இறங்கி, விறைத்த காலை இழுத்துக்கொண்டு பத்தடி நடந்தாள். குனிய முடியாததால் நின்றபடியே ஊற்றினாள். மண் ஒரே இழுப்பில் குடித்தது.

"மன்னிச்சுக்குங்க தாயே" என்றாள். "மூணு வாரமா உங்களுக்குன்னு ஊத்துனதெல்லாம் வண்டியே குடிச்சிருச்சு. உங்களுக்கு ஒரு சொட்டுகூட வந்து சேரல."

பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டும் விழும்வரை ஆட்டினாள்.