நின்றுபோன புள்ளி

மழை என்று சாக்குச் சொல்லித்தான் ஜஹீதாவைக் கழற்றிவிட்டேன். சனிக்கிழமை மாலை போன் செய்து, "நாளைக்குப் பூரா மழையாம்டீ. நானும் போகலை. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றேன்.

"லட்டு வேற உருட்டி வெச்சிட்டேனே மது! சரி விடு, சேந்தே போலாம்" என்றாள். துளி சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து சைக்கிளில் கடப்பாக்கம் போய்த் திரும்பினால் இருநூறு கிலோமீட்டர். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் இருநூறு. தரமணியில் ஒரே அலுவலகம், ஆறு மாதமாக ஒன்றாகவே பயிற்சி. ஆனால் ஜஹீதா மெதுவாகத்தான் மிதிப்பாள். டீக்கடைக்கு டீக்கடை காத்திருந்து எனக்கு அலுத்துப்போனது. பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் சைக்கிள்காரர்களிடம் மதிப்பு. அவளோடு போனால் முடியாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, கொட்டும் மழையில் தனியாகக் கிளம்பினேன். வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பறந்தேன்.

நாங்கள் எப்போதும் நிற்கும் கடை கோவளத்தில் ஜெயபாரதி அக்காவுடையது. டீயை நீட்டியபடியே கேட்டார்: "இன்னாம்மா, தனியா வந்துகினு கீற? உன் கூட்டாளி எங்க?"

"உடம்பு சரியில்லக்கா."

இரண்டாவது பொய். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பத்து மணிக்குள் கடப்பாக்கம். என்னைப்போல் உண்டா என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். அதுவரை தள்ளிவிட்ட காற்று இப்போது நேராக முகத்தில் அறைந்தது. மழை ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தியது. எதிர்காற்றில் இரண்டு பேர் மாறி மாறி முன்னால் போவது வழக்கம். பின்னால் வருகிறவருக்குப் பாதி பாரம் குறையும். யோசித்துப் பார்த்தால், காற்றடித்த நாளெல்லாம் முன்னால் போனது ஜஹீதாதான். அதனால்தான் அவள் களைத்தாள். அந்த அசதியைத்தான் நான் டீக்கடைகளில் உட்கார்ந்து மணி பார்த்து அளந்துகொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

கல்பாக்கம் தாண்டுமுன் பின்சக்கரம் பஞ்சர். அதுவும் அவள் வேலைதான்; அவள் டியூப் மாற்றும்போது நான் வாழைப்பழம் சாப்பிடுவேன். சீட்டுக்கடியில் இருந்த பையைத் திறந்தேன். ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவி, ரப்பர் பேண்டு போட்டு அவள் சுற்றிவைத்த டியூப். இருந்தது அந்த ஒன்றுதான். விறைத்த விரலோடு மாற்றி முடிக்க ஐம்பது நிமிடம். நடுவில் போன் அடித்தது. ஜஹீதா. லாரி இரைச்சலுக்கு என்ன பொய் சொல்வது? எடுக்கவில்லை.

மூன்றேகாலுக்குக் கோவளம் வந்து சேர்ந்தேன். ஜெயபாரதி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையை என்முன் வைத்தார். உள்ளே ஒரு புது டியூப், உலர்ந்த துண்டு, டப்பாவில் பேரீச்சம்பழ லட்டு.

"உன் கூட்டாளி குடுக்கச் சொல்லுச்சு. மத்தியானமே ஸ்கூட்டர்ல வந்துச்சு. தொப்பலா நனைஞ்சி, அங்க குந்திகினு போனையே பாத்துகினு இருந்துச்சு. நீ கிட்ட வந்துட்டேன்னு சொல்லிட்டு இப்பத்தான் கெளம்புச்சு." கொஞ்சம் நிறுத்தி, "உடம்பு சரியில்லன்னியே?" என்றார்.

அப்போதுதான் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தேன். தூரம், வேகம், வழி எல்லாம் காட்டும். ஆபத்து நேர்ந்தால் தெரிவிக்க ஒரு பெயர் கேட்டது. பயிற்சி தொடங்கியபோதே ஜஹீதாவின் பெயரைக் கொடுத்திருந்தேன். நான் பொத்தானை அழுத்திக் கிளம்பியதுமே அது அவளுக்கு ஒரு லிங்க் அனுப்பிவிடும். அதைத் திறந்தால் நான் வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி.

ஐந்து மணிக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை, கேட்கவில்லை. புள்ளி கல்பாக்கத்தில் நின்றபோதுதான் போன் செய்தாள். நான் எடுக்காததால் கிளம்பிவிட்டாள்.

ஒரு லட்டை எடுத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

வெட்கத்தில் அந்தக் கருவியைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது. விரல் பொத்தான் வரை போயிற்று. அணைத்தால் புள்ளி நின்றுவிடும். அவள் இன்னும் திருவான்மியூர்கூட எட்டியிருக்க மாட்டாள்; புள்ளி நின்றால் இந்த மழையில் மறுபடி திரும்பி வருவாள்.

அணைக்காமல் மிதித்தேன்.