குணாளன் சொல்லாத சரி

செவ்வாய்க்கிழமையிலிருந்து தனுஷ்கோடி சர்வருக்குள் நின்றுகொண்டிருந்தான். அலுவலகத்தில் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவன் செருப்பு சர்வர் அறை வாசலில் கிடந்தது. பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள்.

கணக்குப் பிரிவுக்காரர்களால் லாகின் செய்ய முடியவில்லை என்று மேனேஜர் குணாளன்தான் அவனை உள்ளே அனுப்பினார். போனான், கோளாறை நீக்கினான், முடித்துவிட்டேன் என்று உள்ளிருந்தே சொன்னான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அனுப்பியவர் 'சரி' என்று சொன்னால்தான் வேலை முடித்தவன் வெளியே வர முடியும். குணாளன் 'பார்க்கலாம்' என்றார். தன் சர்வீஸிலேயே அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. சொன்னால் பொறுப்பு தலையில் விழுந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்திலும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே அலுவலகத்தில் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவள் அங்கயற்கண்ணி. தனுஷ்கோடியின் மனைவி. நல்ல மனுஷன்தான், ஆனால் கோயிலுக்குப் போனாலும் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் திரும்புவான். கல்யாண மண்டபத்திலிருந்து பெண்ணின் சித்தப்பா செருப்போடு கிளம்பியவன். அவள் அவனைத் திட்டாத நாள் இல்லை. நான்கு நாளாகத் திட்ட ஆள் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாகின் மறுபடியும் படுத்துவிட்டது. உள்ளே போகிறவர்களுக்கு ஆளுக்கொரு டோக்கன். வேலை முடிந்தும் சரி கிடைக்காதவர்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றதால் புதிதாய் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிடலாம் என்று குணாளன் அறிவித்தார். ஆஃப் செய்தால் உள்ளே இருப்பவர்கள் அழிந்துபோய்விடுவார்கள். இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு சார்."

"பார்க்கலாம். வேணும்னா நாலு மணிக்குள்ள நீங்களே உள்ள போய் என்னன்னு பாருங்க."

அங்கயற்கண்ணி செருப்பைக் கழற்றி அவன் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். குணாளன் அனுப்பினார் என்றதும், எஞ்சினியர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி டோக்கன் அவளுக்குக் கிடைத்தது. வாசலில் இருந்த காவல்காரர் பாஸ்வேர்டு கேட்டார். சொன்னாள். காலாவதியாகிவிட்டது, புதிதாக ஒன்று சொல், அதில் ஒரு எழுத்தாவது பெரிசாக இருக்க வேண்டும் என்றார். புருஷன் பெயரைச் சொன்னாள். முதல் எழுத்தை மட்டும் கத்திச் சொன்னாள். கதவு திறந்தது.

உள்ளே நீளமான நடைகூடம். நடக்க நடக்க நீண்டது. ஓரமாக வேலை முடிந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கண்ணைத் திறந்திருந்தார்கள், மூச்சு விடவில்லை. ஒருவர் போன தீபாவளியிலிருந்து நிற்பதாகச் சொன்னார். தனுஷ்கோடி நடுவில் நின்றான்.

"முடிச்சுட்டேன் கயல்," என்றான்.

கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கிள்ளினாள். அதற்கும் அசையவில்லை.

"முடிஞ்சுபோன ஆளை ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்றார் கூடத்தின் கோடியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த பெரியவர். அவர் சட்டையில் ஒன்று என்று எண் குத்தியிருந்தது. சர்வர் கண் விழித்த அன்று முதலில் வந்தவர் அவர். அனுப்பியவர் இல்லாமல் போய்விட்டால் அநாதையாக நிற்பவர்கள் அவர் பொறுப்புக்கு வந்துவிடுவார்களாம். அவர் யாருக்கும் தயங்காமல் சரி சொல்வாராம். குணாளனைக் கிளப்புவதுதான் வழி என்றார்.

"ரெண்டு விதம் இருக்கு. பதினஞ்சுன்னு சொன்னா மரியாதையா மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பச் சொல்றது. ஒன்பதுன்னா பேச்சே கிடையாது."

கடைசிச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. திறந்தால் குணாளனின் அறை. அவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆகப்போகிறது. அங்கயற்கண்ணி மரியாதை தெரிந்தவள். முதலில் பதினைந்து என்றாள்.

"பார்க்கலாம்," என்றார் குணாளன்.

ஒன்பது என்றாள்.

நாற்காலி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. காபியில் ஆவி பறந்தது. அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

பெரியவர் எழுந்து வரிசை நெடுகச் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக மறைந்தார்கள். தனுஷ்கோடி அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். சரி என்றார் பெரியவர். அவனும் இல்லை.

அவள் பெரியவரை மறித்தாள். எங்கே போகிறார்கள் என்று கேட்டாள். அது என் டிபார்ட்மென்ட் இல்லை என்றவர், அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார்.

"உன்னை அனுப்பினதும் அந்தக் குணாளன்தானே? அப்ப நீயும் நம்ம பொண்ணு. வேலை முடிஞ்சுதாம்மா?"

அங்கயற்கண்ணி அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு ஆறு வருடமாகப் பதில் சொல்லிப் பழகியவள்.

"இல்லைங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

பெரியவர் தலையாட்டிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இந்த முறை கூடம் நீளவில்லை.

வாசலில் கணக்குப் பிரிவே திரண்டு நின்றது. மேனேஜரைக் காணோம், நாங்கள் உள்ளே போகலாமா என்று அவளைக் கேட்டார்கள். பார்க்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

அவர்கள் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டு உள்ளே போனார்கள். அவள் குனிந்து தன் செருப்பைத் தேடினாள். குவியலைக் கலைத்துத் தேடினாள். மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அவளுடையது இல்லை. தனுஷ்கோடியுடையது மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது.

சனியன் பிடித்தவன், புதுச் செருப்பு, போன வாரம்தான் வாங்கியது, அவன் காலுக்கு இந்நேரம் வார் அறுந்திருக்கும் என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டத் திட்டக் கண்ணீர் வந்தது. அவன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, கழன்று கழன்று விழ, வீட்டுக்கு ஓடினாள்.