ஒரு நாளைக்கு மூன்றடி

கொத்தனாரின் மனைவிக்கு வீட்டில் கத்திரி என்று பெயர். புருஷன் எட்டு வார்த்தை பேசினால் ஐந்தை வெட்டிவிடுவாள். செங்கல் சுவர் கட்டுவது எப்படி என்று இருவரும் சேர்ந்து ஓர் இணையதளம் நடத்தினார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். கல்லை நனைப்பது, கலவை போடுவது, நூல் பிடிப்பது எல்லாம் படத்தோடு இருந்தது. நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

அன்று மதியம் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் தளத்துக்கு வந்த செய்தியைத் திறந்தாள். ஒரு படம். கொல்லைப்புறத்தில் நாலரை இஞ்சுச் சுவர், ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. அனுப்பியவன் கீழே எழுதியிருந்தான்: 'உங்க புண்ணியத்துல காலையில ஆரம்பிச்சு இப்பதான் முடிச்சேன். எங்க கொத்தனார் மூணு நாள் ஆகும்னான். போய்யான்னு அனுப்பிட்டேன்.' சுவரடி நிழலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பொம்மை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

கத்திரி சுவரின் உயரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் ஏற்றாதே, கீழே கலவை இறுகாமல் மேலே பாரம் ஏற்றினால் சுவர் சாய்ந்துவிடும் என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த வரியை வெட்டியது அவள்தான். "கூலிக்கு நாளைக் கடத்துறாங்கன்னு ஏற்கனவே நம்மளப் பேசுறாங்க. இதை வேற எழுதி வைக்கணுமா?" என்று கேட்டாள். மானம் பார்த்தாளாம், மானம்! இப்போது யாரோ பெற்ற பிள்ளை அந்தச் சுவரடியில் உட்கார்ந்திருக்கிறது.

"என்னங்க! இங்க ஓடி வாங்க!"

கொத்தனார் படத்தை விரித்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"நடுவுல வயிறு தள்ளுது பாரு. ஒரு காத்து அடிச்சாப் போதும்."

செய்தியில் பேருமில்லை, ஊருமில்லை. 'குழந்தையை உடனே எடுங்க, சுவர் விழும்' என்று பதில் தட்டினாள். அவசரத்தில் எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. பதிலில்லை. மறுபடி அனுப்பினாள். அதற்கும் இல்லை. கட்டி முடித்த பெருமையில் போனை எங்கே போட்டுத் தொலைத்தானோ, படுபாவி!

"இரு, இரு. லாரியப் பாரு," என்றார் கொத்தனார். படத்தின் ஓரத்தில், அடுத்த சுவருக்கு மணல் இறக்கிய லாரி ஒன்று கொல்லை வாசலில் நின்றது. பின்பலகையில் போன் நம்பர்.

கத்திரி கூப்பிட்டதும், நல்லவேளை, டிரைவர் எடுத்தார். இப்போதுதான் அங்கிருந்து கிளம்பினாராம், தெருமுனையில் டீ குடிக்கிறாராம்.

"அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன், திரும்பிப் போங்க. அந்தச் சுவர் விழுந்துடும். கொழந்தையத் தூக்குங்க. போனை மட்டும் வெச்சிடாதீங்க!"

ஓடும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு. கேட் திறக்கும் சத்தம்.

"சார், கொழந்தைய எடுங்க! சுவரு!"

"என்னய்யா, அந்தக் கொத்தனார் சொல்லியனுப்பிச்சானா?" என்று இன்னொரு குரல் சிரித்தது.

பிறகு தடதடவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"அண்ணே... அண்ணே..."

கத்திரி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுளே, வெட்டினது நான். என்னை எடுத்துக்கோ, அதை விட்டுடு," என்று வாய்விட்டே சொன்னாள்.

போனில் யாரோ இருமினார்கள். அதற்குப் பின்னால் வீலென்று ஒரு குழந்தை அலறியது.

"தூக்கிட்டேம்மா," டிரைவருக்குப் பேச்சு திணறியது. "மேல தூசிதான், அடி ஒண்ணுமில்ல. பயந்துட்டான். அழுகைய நிறுத்த மாட்டேங்கறான்."

"நிறுத்தாதீங்கண்ணே," என்றாள் கத்திரி. "போனை அவன் பக்கத்துல பிடிங்க. நல்லா அழட்டும்."