ஞாயிறு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

தம்பெரே நகரில் டிராம் ஓட்டும் தைமி, வாரத்தில் ஐந்து நாள் தண்டவாளம் போன வழியிலேயே போய்வருகிறவள். அதனாலோ என்னவோ, வீட்டில் பியானோ முன் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வழி என்று ஒன்று இருக்கக் கூடாது. பிறர் எழுதிய பாட்டை வாசிக்க மாட்டாள். தானும் எழுதிவைக்க மாட்டாள். இடது கை நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். வலது கை கொஞ்ச நேரம் மடியிலேயே கிடக்கும். பிறகு அதற்கே ஆசை வந்து மேலே ஏறும். அங்கே எது பிறக்கிறதோ அதுதான் அன்றைய பாட்டு. மறுநாள் வாசிக்கச் சொன்னால் அவளுக்கே தெரியாது.

பிறந்தது பிறந்த இடத்திலேயே போய்விடுகிறதே என்றுதான் சென்ற வசந்தத்தில் இரண்டு மைக் வாங்கினாள். ஒன்று பியானோவின் திறந்த மூடிக்கு மேலே, இன்னொன்று முதுகுக்குப் பின்னால் அலமாரி ஓரத்தில். பெடல் மிதிக்கும் சத்தம் விழாமலிருக்கக் கம்பளிக் காலுறை. முனகுகிற ஸ்டூலை ஒதுக்கிவிட்டுச் சமையலறை நாற்காலி. ஃப்ரிட்ஜின் இணைப்பையும் பிடுங்கிவிடுவாள்.

தன் வீட்டை அடக்கிவிட்டாள். மற்ற பதினொரு வீட்டை என்ன செய்வது? மேல்வீட்டு ரவுனோ பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் டிரில் மெஷின் ஓடவில்லை என்றால் மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கீழ்வீட்டு வென்லாவின் பத்து மாதக் குழந்தை ஐலா பாத்திர மூடியைக் கரண்டியால் வெளுத்து வாங்குவாள். மே மாதத்தில் ஒரு நாள், தைமி வாசித்ததிலேயே நல்லதென்று அவளுக்குப் பட்ட பத்தொன்பது நிமிடத்தின் நட்டநடுவில் ரவுனோவின் மெஷின் டர்ரென்று புகுந்தது. அன்று கண்ணில் நீரே வந்துவிட்டது அவளுக்கு.

படியேறிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்வது அந்தக் கட்டிடத்தில் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை எழுதி, வாசல் அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பார்கள். தைமியும் எழுதினாள்: ‘வரும் ஞாயிறு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை பியானோ ஒலிப்பதிவு. தயவுசெய்து அமைதி காக்கவும். தைமி, மூன்றாம் மாடி.’

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது தாளின் அடியில் ஒருவர் கிறுக்கியிருந்தார்: ‘தும்மலாமா?’ அதற்குக் கீழே வேறு கையெழுத்து: ‘பூனையிடம் சொல்லிவிட்டேன். அது இன்னும் சம்மதிக்கவில்லை.’ அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில்: ‘என்ன பாட்டு?’

தைமி பேனாவை எடுத்து, ‘தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும்’ என்று எழுதினாள்.

கொட்டை எழுத்துக்காரர் ரவுனோதான். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, என்ன பாட்டுன்னே தெரியாம ஒரு மணி நேரம் வாய மூடச் சொல்றியா?”

“தெரிஞ்சிட்டா அப்புறம் எதுக்கு வாசிக்கணும், ரவுனோ?”

அவர் ஒரு படி இறங்கி நின்று யோசித்தார். “நல்ல நியாயம்தான் போ. டிராமை இப்படி ஓட்டிடாத” என்றுவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. பதினொன்றுக்கு ஒரு நிமிடம் முன் தைமி பதிவைத் தொடங்கிவிட்டு உட்கார்ந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. மெஷின் இல்லை, கரண்டி இல்லை, குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. பதினொரு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

கை எழவில்லை. இடது கையை வலுக்கட்டாயமாக வைத்து நாலு சுரம் அழுத்தினாள். கடையில் வாங்கிய பொம்மை மாதிரி உயிரில்லாமல் ஒலித்தது. நிறுத்தினாள். மறுபடி வைத்தாள், மறுபடி நிறுத்தினாள். கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. இத்தனை பேரை அடக்கிவைத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே, நாளைக்கு எந்த முகத்தோடு படியிறங்குவது?

அந்த நேரத்தில் கூரையில் தொம் தொம்மென்று குதிகாலால் தட்டும் சத்தம். காற்றுக்குழாய் வழியாக ரவுனோவின் குரல் இறங்கியது.

“தைமி! செத்துட்டியா?”

கீழே வென்லா பதறிப்போய்க் கத்தினாள். “ஐயோ ரவுனோ, சும்மா இருங்க! ரெக்கார்டு ஆகுது!”

“என்னத்த ஆகுது? ஒண்ணுமே கேக்கலியே! அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன் இங்க!”

“நாங்க மட்டும் என்ன பண்றோமாம்!”

பெரியவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டு ஐலா கெக்கெக்கேயென்று சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு தைமியையும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே இடது கை தானாகப் போய்ச் சுரங்களைப் பிடித்திருந்தது. வலது கையும் அன்று காத்திருக்கவில்லை. துள்ளிக்கொண்டு ஏறியது, சறுக்கியது, சறுக்கின இடத்திலேயே புதிதாக ஒரு வளைவு கண்டது. அதைத் தாழ்வான சுரங்களில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், உச்சியில் ஒருமுறை கிள்ளிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள் என்பது மறந்தே போயிற்று. முப்பத்தொரு நிமிடம் வாசித்தாள். கடைசிச் சுரம் கரைந்து தேய்கிற வரைக்கும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. ஆனால் பதிவை நிறுத்திய மறுநொடி மேல்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கியது. பிறகு கீழ்வீட்டில், பக்கத்து வீட்டில், அதற்கும் அடுத்ததில் என்று குழாய்கள் கட்டிடம் முழுக்கக் கடகடத்து ஓடின. தைமி மறுபடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் கதவு மணி அடித்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ரவுனோ வாசலில் நின்றார். கையில் காகிதப் பை, பைக்குள் ஏலக்காய் மணக்கும் பன்.

“நான் கத்துனத வெட்டிட்டியா?”

“இல்ல. அது இல்லாம பாட்டே இல்லியே.”

“வெட்டிருக்கலாம். செத்துட்டியான்னு கேட்டது மரியாதையா இருக்காது” என்றார். முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது. “சரி, அந்த நடுவுல மேல ஏறிட்டு, இறங்காம அங்கயே நின்னுச்சே. அத மட்டும் இன்னொரு தடவை கேக்க முடியுமா?”

தைமி கதவை அகலத் திறந்து, காபிக்குத் தண்ணீர் வைத்தாள். ரவுனோ காலணியைக் கழற்றிவிட்டு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.