தரையைத் தொடாத பிளாக்வுட்

1987 ஆகஸ்ட் பதினான்காம் தேதி அடித்த புயலில், கோரா ஓடைக் கரையில் இருந்த கிளைவ் பிராமிச்சின் பால் பண்ணையில் சாய்ந்த பிளாக்வுட் மரம் தரைக்கு வந்து சேரவில்லை. வேர் மண்ணோடு பெயர்ந்தது, உச்சி வேலியைத் தாண்டிப் போனது, எண்பதடி மரமும் படுக்கைவாட்டில் இறங்கி, தரையிலிருந்து ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் நின்றுவிட்டது. மழைக்கு முன் படுக்கை விரிப்புகளை எடுக்க ஓடிவந்த கிளைவின் மனைவி லோர்னா, வாயில் இரண்டு துணிக் கிளிப்புகளோடு அதன் அடியில் நின்றிருந்தாள். அவள் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அண்ணாந்து பார்த்தாள், மீதி விரிப்புகளையும் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள், உள்ளே போய் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிளைவ்தான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

காப்பீட்டுக்காரர் வந்து பார்த்து, விழுந்த மரத்துக்குத்தான் இழப்பீடு உண்டு, விழுந்துகொண்டிருக்கும் மரத்துக்கு இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். கவுன்சிலிலிருந்து வந்தவர் டேப்பைப் பிடித்து அளந்து, ஆள் நடக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார். லோர்னா தன் பழைய பாவாடையைக் கிழித்துக் கட்டினாள். பசுக்கள் ஒரு வாரம் மிரண்டன, அப்புறம் நிழல் நன்றாக இருக்கிறதென்று அங்கேயே படுத்து அசைபோட்டன. கால்பந்துப் பருவம் முடிவதற்குள் ஊரில் அதைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. பண்ணைக்கு வழி கேட்பவர்களிடம் மட்டும், "நிக்குற மரத்தைத் தாண்டி இடது பக்கம்" என்று சொல்வது வழக்கமாயிற்று.

ராஸ் ஹிங்ஸ்டனின் காதுக்கு விஷயம் எட்டியது அக்டோபரில். ராஸ் கித்தாருக்கு மரம் தேடுகிறவன். மெல்பர்னிலும் ஹோபார்ட்டிலும் கையால் கித்தார் செய்கிறவர்கள் முதுகுக்கும் விலாவுக்கும் இந்திய ஈட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்த காலத்திலேயே, நம் தீவின் பிளாக்வுட் எந்த விதத்தில் குறைச்சல் என்று அவர்களோடு மல்லுக்கு நின்றவன். கோடரி எடுத்துக் காட்டுக்குள் போகிறவன் அல்ல. பண்ணைக்காரர்கள் கொளுத்தக் குவித்த கட்டைகளிலும், இடித்த கொட்டகைகளிலும், கைவிட்ட தேவாலய பெஞ்சுகளிலும் தேடிக் கண்டெடுப்பான். எந்த மரத்தைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பான். மதுக்கடை மேசையைத் தட்டுவான், விருந்துக்குப் போன வீட்டின் கதவைத் தட்டுவான். தாய்மாமனின் சவ அடக்கத்தில் பெட்டியைத் தட்டி, "பைன்தான், சுமார்" என்று முணுமுணுத்ததற்கு அத்தை இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை.

அவன் வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. மரத்தடியில் போய் நின்று ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் எழுந்தது, அடங்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் குடித்து முடிக்கும்வரை அது மெல்லியதாக ஒலித்துக்கொண்டே இருந்தது. பட்டை உரிந்த இடத்தில் மரத்தின் ரேகை, நாய்க்குட்டியின் முதுகுத்தோல் சுருங்குவதுபோல அலை அலையாக ஓடியது. ராஸின் கை தானாகச் செய்துவிட்டது அந்தத் தப்பை: வண்டியிலிருந்து மெழுகு டின்னை எடுத்து, முறிந்த கிளைகளின் முனைகளில் பூசிவிட்டான். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறினால் மரம் வெடித்துவிடும் என்பதற்காக எவனும் செய்வதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் முனைக்கு மெழுகு பூசியவன்தான் மரத்துக்குச் சொந்தக்காரன். பூசிவிட்டால் வேறொருவன் அந்த மரத்தைக் கேட்க மாட்டான். கிளைவ் லோர்னாவோடு திரும்பி வந்து முனைகளைப் பார்த்தார், பிரஷ்ஷும் கையுமாக நின்றவனைப் பார்த்தார், மாட்டுத் தொழுவம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுடா பூசினே? அது என் பொண்டாட்டி தலை மேல விழ வந்த மரம். நீ ரம்பம் வெச்சீன்னா, அன்னிக்கு பாதியில விட்ட வேலையை முடிச்சுட்டுத்தான் போகும்!"

தலை முதல் கால் வரை நனைந்த ராஸுக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்தவள் லோர்னா. "விழ வந்த மரமாம். எனக்காக நின்ன மரம்ப்பா அது. இந்த மனுஷனுக்கு மாட்டைத் தவிர எதுவும் ஒழுங்காக் கண்ணுக்குத் தெரியாது. தலையைத் துவட்டு, ரெண்டு ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டுட்டுப் போ." மெழுகு டின்னைக் கிளைவ் பிடுங்கிக் கொட்டகைக்குள் எறிந்துவிட்டார்.

கணவனும் மனைவியும் அதற்குப் பிறகு சண்டை போட்டதெல்லாம் இந்த ஒரே விஷயத்துக்காகத்தான். கிளைவ் கொடியைப் பால் கறக்கும் கொட்டகைப் பக்கம் மாற்றினார். அங்கே விரிப்பெல்லாம் சாணி நாற்றம் அடிக்கிறது என்று லோர்னா பழைய இடத்துக்கே மாற்றினாள். ஆள் வைத்து மரத்துக்குப் பதினான்கு முட்டுக்கால்கள் கொடுத்தார், விடிந்து பார்த்தால் பதினான்கும் புல்லில் கிடந்தன. திங்கட்கிழமைதோறும் அவள் மரத்தடியில் துணி உலர்த்த, அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அதன் அடியில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

ராஸ் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு டப்பா லெதர்வுட் மரப்பூத் தேனோடு வந்தான். முதலில் மரத்துக்காக வந்தான், பிறகு மரத்துக்காகவும் லோர்னாவின் ஸ்கோனுக்காகவும், கடைசியில் எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாமலும் வந்தான். கிளைவும் குழாயைத் திறப்பதை நிறுத்தி, "வந்துட்டாம்பா கழுகு" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போடும் அளவுக்கு இளகினார். ஏழாவது வருடம் ராஸுக்கு ஒரு சந்தேகம் வந்து, தொழுவத் தூணில் மரத்தின் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டான். அடுத்த வருடம் மரம் கோட்டுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது, அதற்கடுத்த வருடம் இரண்டு அங்குலம். பலகை உலர்வதற்குத் தொழிலில் சொல்லும் கணக்கும் அதுவே, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம். லோர்னாவின் தலைக்கு ஓரடி மேலே நின்ற மரம், பன்னிரண்டாவது வருடம் அவள் தலைக்கு வந்துவிடும்.

இதை அவன் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மரத்தை அடைவதற்காகக் கட்டிவிட்ட கதை என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் சொல்வது முழுப்பொய்யும் ஆகாது, ஏனென்றால் ஒவ்வொரு முறை தட்டும்போதும் அவன் அதை மனதுக்குள் பலகை பலகையாக அறுத்துக்கொண்டுதான் இருந்தான். தன் ஆசை எங்கே முடிகிறது, அந்தப் பெண்மீது வைத்த அக்கறை எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை. அது அவனை வெட்கப்பட வைத்தது. பிறகு லோர்னா பித்தப்பை அறுவைக்காக லான்செஸ்டன் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த ஒன்பது நாளும் பண்ணையில் உதவிக்கு வந்திருந்த ராஸ் அளந்து பார்த்தான்: மரம் ஒரு வருடத்துக்குரிய ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் லோர்னா சிரித்தாள். "இப்பத்தான் தெரியுதாக்கும்? மொதல்ல கையை முழுசா நீட்டினாத்தான் எட்டும். அப்புறம் முழங்கையை மடிச்சாலே எட்டிச்சு. இப்ப என் கொண்டையில இடிக்குது. அது என்னைப் பிடிச்சு வெச்சிருக்கு ராஸ், ஆனா களைச்சுப்போச்சு. நான் இல்லாதப்ப கொஞ்சம் உக்காந்துக்கிச்சு, அவ்வளவுதான்."

"கிளைவ் சொல்ற மாதிரி, தரையைத் தொட்டா உங்களுக்கு ஏதாவது..."

"ஆகலாம், ஆகாமலும் போகலாம். பாரத்தைக் குறைச்சா நிக்கும்னு எனக்குத் தோணுது. ஈர மரத்தை அறுத்துக் காயவெச்சா எவ்வளவு எடை குறையும், நீயே சொல்லு."

"பாதி குறையும்."

"அப்புறம் என்ன?"

ராஸ் தலையைக் குனிந்துகொண்டான். "என்னால முடியாது லோர்னா. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கித்தார் முதுகுக்காக ஒரு பொம்பளையைக் கொன்னவன் ஆயிடுவேன்."

அந்த வருடம் அவன் தேநீர் குடிக்காமலே திரும்பிப் போனான். அடுத்த வருடம் தேனை வாசலில் வைத்துவிட்டு, மரத்தைத் தட்டாமலே போனான். கிளைவ் அதைக் கவனித்தார். பன்னிரண்டு வருடமாகக் கழுகு மாதிரி சுற்றியவன், கையில் வந்து விழப்போகிற நேரத்தில், லோர்னாவே அறுக்கச் சொல்லியும் வேண்டாம் என்கிறானே என்று மூன்று வாரம் யோசித்தார். அதற்குள் லோர்னா துணி உலர்த்தக் குனிந்தபடிதான் நிற்க வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளைவின் வண்டி ராஸின் பட்டறை முன்னால் வந்து நின்றது. அவர் கையில் அந்தப் பழைய மெழுகு டின் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் உள்ளே கல்லாக இறுகிப்போயிருந்தது.

"சூடு பண்ணினா உருகும்ல?" என்று மட்டும் கேட்டார். ராஸ் அடுப்பைப் பற்றவைத்தான்.

அறுப்பதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. லோர்னா சமையலறை நாற்காலியின் கால்களைப் பாதிக்கு வெட்டச் சொல்லி, அதைக் கொண்டுபோய் மரத்துக்கு நேர் அடியில் போட்டு, தலைக்கு மேல் சங்கிலி ரம்பம் அலற, பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொண்டாள். அவள் இருக்கும்வரை அது இறங்காது என்பது அவள் கட்சி. தலைமுடியிலும் கம்பளி நூலிலும் பழுப்பு மரத்தூள் கொட்டியது. ராஸ் உச்சியிலிருந்து ஒன்றும் வேரிலிருந்து ஒன்றுமாக மாற்றி மாற்றி அறுத்தான், ஒவ்வொரு முனைக்கும் உடனுக்குடன் மெழுகு பூசினான். இரண்டு நாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கிளைவ், மூன்றாம் நாள் காலை வானொலியை அணைத்தார். இன்னொரு நாற்காலியை எடுத்துக் கால்களை வெட்டினார். நடந்து வந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மரத்தடியில் நுழைந்து, மனைவியின் பக்கத்தில் அமர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, பயம் போயிடுச்சா?" என்றாள் லோர்னா.

"போகல. விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழட்டும்னு வந்தேன். நீ பின்னு."

ராஸ் ரம்பத்தை அணைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு வந்து வேலையைத் தொடர்ந்தான்.

மரம் இறங்கவில்லை. பாரம் குறையக் குறைய ஏறியது. பதினொன்றாம் நாள் மாலை, மிஞ்சியிருந்த நடுப்பகுதி பழையபடி ஆறடி இரண்டு அங்குலத்தில் நின்றது. அறுத்த பலகைகள் அத்தனையும் காற்றில்தான் கிடந்தன. ஒரு விரலால் தள்ளினால் வண்டிவரை மிதந்து போயின, மேலே கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கடைசிப் பலகை ஒன்றுதான், எட்டடி நீளம், லோர்னா வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, எவ்வளவு தள்ளியும் அசைய மறுத்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். துணி உலர்த்தும் நாளில் கிளிப் கூடையை வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பட்டறையில் அடுக்கிய பலகைகள் தாங்கியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நின்றன, நாலாபுறமும் காற்றோட்டம் கிடைத்ததால் ஒன்றுகூட வளையாமல் உலர்ந்தன. ஒரே பலகையை நடுவில் பிளந்து புத்தகம்போல் விரித்து, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியாக இருக்கும் ஜோடிகளாக ராஸ் அவற்றைக் கித்தார்காரர்களுக்குக் கொடுத்தான். தொண்ணூற்றாறு கித்தார்கள் ஆயின. தாங்கியில் வைத்தால் ஓர் அங்குலம் மேலே நிற்கும், மடியில் வைத்தால் எடை தெரியாது என்பதைத் தவிர அவற்றில் வேறு குறை இல்லை. பெர்த்தில் ஒருவர் மட்டும், வாரை மாட்ட மறந்தால் கூரைக்குப் போய்விடுமா என்று கேட்டு எழுதினார். போகாது, ஓர் அங்குலம்தான் என்று ராஸ் பதில் போட்டான்.

தனக்கென்று ஒரு ஜோடியை மட்டும் அவன் வைத்துக்கொண்டான். தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும், பலகைக்கும் தாங்கிக்கும் இடையில் விரல்களை நுழைத்துப் பார்ப்பான். இருபது வருடம் அப்படிப் பார்த்தான். 2019 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை விரல் நுழையவில்லை. பலகை தாங்கியில் உட்கார்ந்திருந்தது. ராஸ் யாருக்கும் தொலைபேசவில்லை, தேன் டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

கிளைவ் கொடிக்குக் கீழே நின்றிருந்தார். எட்டடிப் பலகை புல்லின்மேல் கிடந்தது, அடியில் இருந்த புல் நசுங்கக்கூட இல்லை. லோர்னா விடியும் முன்பே தூக்கத்தில் போய்விட்டாள் என்றார். எழுபத்து மூன்று வயது, வலி எதுவும் இல்லை, முந்தின நாள்கூடத் துணி துவைத்தாள். கொடியில் விரிப்புகள் இன்னும் இருந்தன. இருவரும் சேர்ந்து அவற்றை எடுத்து மடித்தார்கள்.

"அவ சொன்னதுதான் சரின்னு இப்ப அவகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார் கிளைவ். "விழ வந்ததில்ல. நின்னதுதான்." பிறகு பலகையைக் காட்டினார். "தட்டிப் பாரேன்."

ராஸ் தட்டினான். இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது அடங்கியதும், அந்தப் பலகையைச் சவப்பெட்டிக்கு மூடியாகப் போடலாமா என்று கிளைவ் கேட்டார். ராஸ் அதை அன்றே பிளந்து, புத்தகமாக விரித்து, ஒட்டிக் கொடுத்தான். அலை நடுக்கோட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒரேபோல ஓடியது.

அந்த வாரம் மெல்பர்னிலிருந்தும் பெர்த்திலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. கித்தார் வியாழக்கிழமை காலை தாங்கியில் இறங்கி உட்கார்ந்துவிட்டது, ஒலியில் மாற்றம் இல்லை, தகவலுக்காக எழுதுகிறோம் என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அடக்கத்தின்போது ராஸ் பழக்க தோஷத்தில் மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டான். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். ஒலி நீண்டுகொண்டே போனது. கிளைவ் அவன் தோளில் கை வைத்து, "போதும்ப்பா, அவளுக்குக் கேட்டிருக்கும்" என்றார். பெட்டி மற்றப் பெட்டிகளைப் போலவே கனத்தது, ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.