பந்தியில் சேராதவள்

டிரைவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள் லாண்டரிக்காரம்மா. காலையிலிருந்து கேட்ட கேள்வியையே அவர் மறுபடியும் கேட்டார்.

"பாஸ்டருக்குச் சொல்லிட்டியா?"

காதில் விழாத மாதிரி அவள் துண்டைத் தண்ணீரில் முக்கினாள். லாரி ஓட்டிய அவள் புருஷன்; கல்யாணமான நாளிலிருந்து ஊருக்கு மட்டுமல்ல, அவளுக்கும் அவர் டிரைவர்தான். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே இறங்காத மனிதர் சபையில் கொடுக்கிற திருவிருந்து அப்பம் கேட்கிறார். அதுவும் அந்தப் போதகர் கையால்! வேறு எதைக் கேட்டிருந்தாலும் தலைகீழாக நின்றாவது கொண்டுவந்து கொடுத்திருப்பாள்.

ஊர்த் துணியெல்லாம் அவள் கடை மெஷினில் சுழலும். சபையின் திருவிருந்து மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை மட்டும் அவளே கையால் துவைப்பாள். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, வேட்பாளரை முன்னால் அழைத்து, அவருடைய கட்சித் துண்டை அந்தத் துணிமேலேயே வைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார் போதகர். தேவன் எழுப்பிய மனிதர் என்றார். சபை மொத்தமும் ஆமென் போட்டது. தண்டவாளத்தை ஒட்டிய அகதி முகாமைத் துடைத்தெறிவேன் என்று மேடைக்கு மேடை முழங்கியவர் அந்த ஆள். ஜெயித்ததும் மற்ற வாக்குறுதிகளெல்லாம் காற்றோடு போயின. இது ஒன்று மட்டும் அச்சுப் பிசகாமல் நடந்தது.

அவள் கடையில் இஸ்திரி போட்ட பெண் அந்த முகாமில்தான் இருந்தாள், கைக்குழந்தையோடு. கொட்டுகிற மழையில் லாரியில் ஏற்றினார்கள். குடிசைகளை இடித்தவர்களுக்குச் சபை வாலிபர்கள் ஓடி ஓடி டீ கொடுத்தார்கள். ஜுரத்தோடு போன குழந்தை வழியிலேயே இறந்துவிட்டது என்று பிறகு தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு, ஊர் சுத்தமானதற்காகப் போதகர் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். லாண்டரிக்காரம்மா பாதி ஜெபத்தில் எழுந்து வந்தவள்தான். திரும்ப அந்த வாசலை மிதிக்கவில்லை.

டிரைவர் போனார். ஒரு ஞாயிறு தவறாமல் போனார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். "உங்க ஆண்டவர் இன்னிக்கு எந்தக் கட்சி?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்பாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பேசாமல் சாப்பிட உட்காருவார். கல்லோடு எத்தனை நாள் சண்டை போடுவது? அவளுக்கும் வீட்டில் ஜெபம் ஓடவில்லை. மண்டியிட்டால் அந்த லாரிதான் வந்து நின்றது. திருவிருந்து ஞாயிறுகளில் பந்தியை நினைத்து ஏக்கம் வேறு. அந்த ஏக்கம் வருகிறதே என்று தன்மேலேயே ஆத்திரம்.

"அந்த ஆள் கையாலதான் வாங்கணுமா?" என்றாள் இப்போது.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "வேற யாரு இருக்கா நமக்கு?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எழுந்துபோய்ப் போன் செய்தாள்.

மாலை வெயில் இறங்குமுன் போதகர் சின்னப் பெட்டியோடு வந்தார். வாசலில் நின்று, "தோத்திரம்மா" என்றார். அவள் ஒதுங்கி வழி மட்டும் விட்டாள். அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். முடியவில்லை.

"அந்தக் குழந்தைய ஒரு தடவையாவது ஜெபத்துல நினைச்சீங்களா?"

போதகர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் குழந்தைம்மா?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் மனசுக்குள் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள், அவருக்கோ எந்தக் குழந்தை என்றே தெரியாது.

டிரைவரின் விரல்கள் போர்வைமேல் அசைந்தன. "நான் நினைச்சேன்" என்றார். இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "வாராவாரம். கடைசி பெஞ்சுல உட்கார்ந்து... பேரைச் சொல்லித்தான். அந்த எடத்துல யாராச்சும் சொல்லணுமில்ல."

போதகர் பெட்டியிலிருந்து அப்பத்தை எடுத்தார். எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா இவள்? குத்திக் காட்டத்தான் தெரிந்தது.

அப்பத்தைப் பிட்டு டிரைவர் நாக்கில் வைத்தார் போதகர். திராட்சை ரசத்தில் உதடு மட்டும் நனைந்தது. இன்னொரு துண்டை அவளிடம் நீட்டினார். "நீங்களும் எடுத்துக்கங்கம்மா."

அவள் தலையசைத்தாள். வேண்டாம். அவர் அப்பத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு பெட்டியை மூடினார், சுருக்கமாக ஜெபித்தார், கூட்டம் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது டிரைவரின் மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

யாருக்கும் போன் செய்யவில்லை. தெருவில் போதகரின் வண்டி கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார். கொடுக்கவில்லை. விறைப்பதற்குள் தாடையைக் கட்ட வேண்டும், அதற்குமுன் வாயைத் துடைக்க வேண்டும். ஈரத் துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டாள். கன்னத்து ஓரத்தில் அப்பம் அப்படியே இருந்தது. அவரால் விழுங்க முடிந்திருக்கவில்லை.

வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குப்பைத் தொட்டியில் போடுகிற பொருளா அது?

வாயில் போட்டுக்கொண்டாள். மருந்துக் கசப்பாக இருந்தது. மெல்லாமல், அது கரைந்து இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியைப் பிழிந்து, அவர் மோவாயைத் துடைக்க ஆரம்பித்தாள்.