நீள ஊசிப் பைனுக்குக் களையெடுப்பு

என் சக்களத்தி ஒரு பைன் காடு. சிரிக்காதீர்கள். கல்யாணமாகிக் கிழக்கு டெக்சாஸுக்கு வந்த ஐந்து வருடமாக என் கணவர் சபரிநாதன் அதனோடுதான் குடித்தனம் நடத்தினார். பூர்வகுடிப் பெண்கள் கூடை முடைய ஊசியிலை பொறுக்கிய பழங்காடு அது. மரக் கம்பெனிகள் மொட்டையடித்துவிட்டுப் போன இடத்தில் அதே நீள ஊசிப் பைனைத் திரும்ப வளர்ப்பது இவருடைய வேலை. அந்தக் கன்று லேசில் மரமாகாது. ஆறேழு வருடம் புல்லுக் கொத்தாகத் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். வேர் மட்டும் கீழே போகும்.

"இதுங்க எந்திரிச்சு நிக்கட்டும் வான்மதி, ஹூஸ்டன் போயிரலாம்" என்பார். அங்கே மனுஷர் உண்டு, கோயில் உண்டு, தமிழ் உண்டு. இங்கே நான் அணிலிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில், பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் தமிழர்கள் இருபது பேர் வேனில் களையெடுக்க உதவிக்கு வந்தார்கள். இவருக்கு ஹூஸ்டனில் மீட்டிங்காம். "முள்ளுப் புதரை மட்டும் வெட்டச் சொல்லு. கன்னு எதுன்னு நீ காட்டிரு" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

வசந்தாமணி ஆன்ட்டி பொள்ளாச்சிக்காரர். புல்லைக் கண்டதும் கை துறுதுறுத்தது. "ஏங்கண்ணு, இந்தக் கோரையெல்லாம் எடுத்துடலாமா?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஐந்து வருட எரிச்சலும் இருந்தது.

"எடுத்துடுங்க ஆன்ட்டி" என்றேன். மண்வெட்டியையும் நானே கொடுத்தேன்.

"அட சாமி, கழுதப் புல்லு, என்னமா வேரு உட்டிருக்குது!" என்று ஆன்ட்டி கொத்த, மற்றவர்களும் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். மதியத்துக்குள் இரண்டு ஏக்கர் வெறும் மண். எனக்குப் பாவமாக இல்லை. நன்றாகவே இருந்தது, பொய் சொல்வானேன்?

மூன்று மணிக்கு இவர் சிரித்தபடி காரிலிருந்து இறங்கினார். குவியலைப் பார்த்தார். வந்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்லி வேனை அனுப்பிவைத்தார்.

"கன்னுன்னு உனக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். இனி எதைக் காட்டி என்னை இங்க உக்கார வைப்பீங்க?"

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. வீட்டுக்குள் போய் ஃபோனை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினார். காலையில் தருவதாகச் சொன்ன வேலை வேண்டாம், மன்னிக்கணும் என்றார்.

"மீட்டிங்னுதானே போனீங்க?"

"இன்டர்வியூ. கன்னுதான் நல்லா வேர் பிடிச்சிருச்சே, வேற ஆள்கிட்ட விட்டுட்டு ஜூன்ல ஹூஸ்டன் போயிரலாம்னு இருந்தேன்."

"ஏங்க, திரும்ப ஃபோன் பண்ணுங்க. உங்க கால்ல விழறேன்."

"டிசம்பர்ல புதுக் கன்னு வரும்" என்றார். "எல்லாத்தையும் நீதான் நடணும்."